பிஞ்சு ஈரலுக்கு ஒரு தனி வார்டு

பிறந்த குழந்தைக்குக் காமாலை வருவது அதிசயமல்ல. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சளாகத்தான் தெரியும். சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு வெளியேற்றுவது ஈரலின் வேலை. வயிற்றில் இருந்தவரை அந்த வேலையைத் தாயின் உடம்பு பார்த்துக்கொண்டது. வெளியே வந்தபின் குழந்தையின் ஈரல் அதற்குப் பழகச் சில நாள் ஆகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு இன்னும் சில வாரம் இழுக்கும். அதனாலும் கெடுதல் இல்லை. ஆனால் இப்படி மஞ்சள் நீடிக்கும் குழந்தைகளுக்கு நடுவே மிகச் சிலருக்கு ஈரலிலோ பித்தக் குழாயிலோ உண்மையான நோய் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தச் சிலரைப் பிரித்தெடுத்துப் பிழைக்கவைப்பதற்காகக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்த துறைதான் குழந்தைகள் ஈரல் மருத்துவம்.

பெரியவர்களின் ஈரலைக் கெடுப்பவை குடி, கொழுப்பு, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். குழந்தைகளின் கதை வேறு. பித்தக் குழாயே அடைந்து மறைந்துபோகும் நோய், மரபணுப் பிழையால் பித்தம் ஈரல் செல்லை விட்டு வெளியேற முடியாத நோய், ஏதோ ஒரு நொதி இல்லாததால் தாமிரமோ சர்க்கரையோ அமினோ அமிலமோ ஈரலில் தேங்கி நஞ்சாகும் நோய் என்று இந்தப் பட்டியல் நூற்றைத் தாண்டும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் பல ஆயிரம் பிறப்புகளில் ஒன்று. ஊர் மருத்துவமனையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த குழந்தை மருத்துவர் இவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்திருப்பார். பலவற்றைப் புத்தகத்தில் மட்டுமே படித்திருப்பார். அது அவர் குற்றமல்ல. அரிய நோயை ஒழுங்காகக் கவனிக்க வேண்டுமானால் அந்த நோயாளிகளை ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சேர்த்தால் என்ன ஆகும், சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து சொந்த அனுபவத்தில் கண்டது. அந்த அனுபவம் முக்கியமாக ஒரு நோயைச் சுற்றியது: பிலியரி அட்ரீசியா.

அறுபது நாள் கெடு

ஈரலில் சுரக்கும் பித்தம் குழாய்கள் வழியாகக் குடலுக்கு வர வேண்டும். பிலியரி அட்ரீசியாவில் ஈரலுக்கு வெளியே உள்ள அந்தக் குழாய்கள் அழன்று, சுருங்கி, நார்க்கயிறாகிவிடுகின்றன. ஏன் இப்படி ஆகிறது என்பது இன்றும் முழுதாகத் தெளிவாகவில்லை. தாய் கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எதைச் சாப்பிடவில்லை என்பதற்கும் இதற்கும் தொடர்பு எதுவும் நிரூபணமாகவில்லை. பெற்றோரிடமிருந்து நேராக வழிவழியாக வரும் நோயும் அல்ல. பிரிட்டனில் சுமார் 15,000 முதல் 17,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. தைவானில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்த நோயின் கொடுமை, குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரிவதுதான். பிறந்த எடை சரியாக இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும். மஞ்சள் மட்டும் போகாது. பித்தம் குடலுக்கு வராததால் மலம் தன் நிறத்தை இழக்கும். மஞ்சளோ பச்சையோ இருக்க வேண்டியது வெளிறி, சுண்ணாம்பு கலந்த மண்போல, சில நேரம் வெறும் வெள்ளையாகப் போகும். வெளியேற வழியில்லாத பிலிரூபின் சிறுநீரில் இறங்கும். பச்சைக் குழந்தையின் சிறுநீர் நிறமில்லாமல் இருக்க வேண்டும். துணியில் மஞ்சள் கறை விழுந்தாலே அது யோசிக்க வேண்டிய விஷயம். பித்தம் இல்லாவிட்டால் கொழுப்புச் செரிக்காது, கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் வைட்டமின் கே ஏறாது, ரத்தம் உறையாது. அதனால் சில குழந்தைகளுக்கு இந்த நோயின் முதல் அறிகுறியே தொப்புளிலோ மூக்கிலோ, விதி கெட்டால் மூளையிலோ ரத்தக் கசிவாக வந்து நிற்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க முதலில் வேண்டியது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. மொத்த பிலிரூபின் எவ்வளவு, அதில் 'டைரக்ட்' என்று லேப் அறிக்கையில் வரும் நேரடி பிலிரூபின் எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் காமாலையில் நேரடி வகை மிகக் குறைவு. அது உயர்ந்திருந்தால் ஈரலோ பித்தக் குழாயோ கோளாறு. வெயில் காட்டியோ நீல விளக்கின் கீழ் வைத்தோ அது தீராது. மொத்த அளவை மட்டும் பார்த்து 'இறங்கிக்கொண்டிருக்கிறது' என்று வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகள் எல்லா நாட்டிலும் உண்டு.

1950கள் வரை இந்த நோய் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் இறந்தார்கள். குழாயின் ஏதாவது ஒரு பகுதி திறந்திருந்தால் மட்டுமே அறுவை செய்யலாம். மற்றவர்களுக்கு வழியில்லை என்பது மேற்கத்திய அறுவை மருத்துவர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மாற்றியவர் ஜப்பானில் செண்டாய் நகரின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரியோ கசாய். ஈரலுக்குள் ரத்தக் குழாய்கள் நுழையும் வாயிலில் கிடக்கும் நார்த்திசுவைச் சரியான ஆழத்தில் சீவி எடுத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களிலிருந்து பித்தம் கசியும். சிறுகுடலில் ஒரு கண்ணியை மேலே இழுத்து அந்த இடத்தோடு நேரடியாகத் தைத்துவிட்டால், கசியும் பித்தம் குடலுக்குப் போய்ச் சேரும். 1959இல் ஜப்பானிய மொழியில் வெளியான இந்த முறையை உலகம் கவனிக்கவில்லை. 1968இல் ஆங்கிலத்தில் எழுதிய பிறகும் பலர் நம்பவில்லை. ஜப்பானுக்குப் போய் நேரில் பார்த்து வந்தவர்களே முதலில் மனம் மாறினார்கள்.

கசாய் அறுவையில் எல்லாமே ஆழக் கணக்கு. மில்லிமீட்டர் குறைவாகச் சீவினால் நுண்குழாய்கள் திறக்காது. கூடுதலாகச் சீவினால் ஈரல் திசு காயப்பட்டுத் தழும்பாகி அடைத்துவிடும். தையல் ஊசி எங்கே குத்தலாம், எங்கே குத்தக் கூடாது என்பதுவரை கைப்பழக்கம். அறுவை முடிந்த பின் வார்டில் எல்லார் கண்ணும் டயப்பரின் மேல்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் மலத்தின் நிறத்தைச் செவிலியர் அட்டவணையில் குறிப்பார். சில நாளிலோ சில வாரத்திலோ வெளிறிய மலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் பித்தம் இறங்கிவிட்டது என்று பொருள். எத்தனை நாள் வயதில் அறுவை நடக்கிறது என்பதும் முக்கியம். அறுபது நாளுக்குள் நடந்தால் வெற்றி வாய்ப்பு நல்லது. நாள் கடக்கக் கடக்க ஈரல் நாராகி இறுகிக்கொண்டே போகிறது, தொண்ணூறு நாளைத் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. பிறந்து இரண்டு மாதத்துக்குள் ஒருவர் சந்தேகப்பட்டு, இன்னொருவர் சோதித்து, மூன்றாமவர் கத்தி எடுத்துவிட வேண்டும் என்ற இந்தக் கெடுதான் துறை முழுவதையும் விரட்டுகிறது.

மூன்று ஊர்

லண்டனின் தென்பகுதியில் உள்ள கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்கு 1970இல் அலெக்ஸ் மோவாட் என்ற குழந்தை மருத்துவர் வந்து சேர்ந்தார். பிரிட்டனில் குழந்தைகள் ஈரல் நோய்க்கென்று தனிப் பிரிவு உருவானது அவரால்தான். அறுவை மருத்துவர் எட்வர்ட் ஹோவர்டும் அவருடன் சேர, நாட்டின் பல பக்கங்களிலிருந்து காமாலைக் குழந்தைகள் அங்கே வரத் தொடங்கின. 1989இல் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் டெயர்ட்ரே கெல்லி இன்னொரு பிரிவைத் தொடங்கினார். லீட்ஸ் நகரில் மூன்றாவது வளர்ந்தது. ஆனாலும் கசாய் அறுவையை அங்கங்கே மற்ற மருத்துவமனைகளும் செய்துகொண்டுதான் இருந்தன. குழந்தை அறுவை நிபுணர் எவரும் இதைச் செய்யலாம், செய்வதும் பெருமை.

1990களின் நடுவில் பிரிட்டன், அயர்லாந்து முழுவதற்கும் எடுத்த கணக்கு அந்தப் பெருமையை உடைத்தது. ஆண்டுக்கு ஐந்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த மருத்துவமனைகளில், ஐந்தாண்டு கழித்து மாற்று ஈரல் இல்லாமல் உயிரோடு இருந்த குழந்தைகள் சுமார் 60 சதவீதம். அதைவிடக் குறைவாகப் பார்த்த இடங்களில் சுமார் 14 சதவீதம்தான். ஒரே நாடு, ஒரே நோய், ஒரே அறுவை. கை பழகியிருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். மருத்துவ உலகில் இவ்வளவு பச்சையாகப் பேசும் எண்கள் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆண்டுக்கு நாற்பது சொச்சம் குழந்தைகளைப் பத்துப் பதினைந்து இடத்துக்குப் பங்கிட்டால் ஓர் இடத்துக்கு மூன்று நான்கு பேர் கிடைப்பார்கள். அதை வைத்து யாருக்கும் கை பழகாது.

1999இல் அரசு முடிவெடுத்தது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிலியரி அட்ரீசியா என்று சந்தேகப்படும் குழந்தை எங்கே பிறந்தாலும் லண்டன் கிங்ஸ், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் இந்த அறுவை கிடையாது. முதல் மூன்றரை ஆண்டில் 148 குழந்தைகள் இப்படி வந்தார்கள். கசாய் அறுவை செய்தவர்களில் 57 சதவீதம் பேருக்குக் காமாலை முழுதாகத் தெளிந்தது. மாற்று ஈரல் பொருத்தியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. கார்ன்வாலின் கடைக்கோடியில் இருக்கும் பெற்றோர் பச்சைக் குழந்தையோடு பல மணி நேரம் பயணிக்க வேண்டும். வாரக்கணக்கில் வேற்றூரில் தங்க வேண்டும். மூத்த பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். மூன்று மையங்களும் இதை உணர்ந்தே நடக்கின்றன. பெற்றோர் தங்க விடுதி உண்டு. ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, எடை பார்ப்பது போன்றவை ஊர் மருத்துவமனையிலேயே நடக்கும். மைய நிபுணர்கள் குறிப்பிட்ட நாளில் வெளியூர் மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்த்து வருவார்கள். கத்தி எடுக்கும் வேலையை மட்டும் பழகிய கைக்கு விட்டுவிடுவது என்ற இந்த ஏற்பாடுதான் நியாயமானது. எல்லா ஊரிலும் எல்லாம் வேண்டும் என்று கேட்பது நல்லெண்ணம். இந்த நோயில் அந்த நல்லெண்ணத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

மையம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் குழந்தை அங்கே நேரத்தோடு வந்து சேர வேண்டும். குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்று 1980இல் பிரிட்டனில் தொடங்கிய அறக்கட்டளை, 1993இல் 'மஞ்சள் எச்சரிக்கை' என்ற பிரச்சாரத்தை மருத்துவச்சிகளிடமும் வீடு தேடி வரும் செவிலியரிடமும் கொண்டு சென்றது. இரண்டு வாரம் தாண்டிய காமாலையா, மலத்தைப் பார், ரத்தத்தைப் பிரித்துச் சோதி என்பதே அதன் செய்தி. தைவான் இதைவிட எளிய வழியைக் கண்டது. பல நிறங்களில் குழந்தை மலத்தின் படங்களை அச்சிட்ட ஓர் அட்டையை, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் உடல்நலப் புத்தகத்திலும் 2004 முதல் வைத்தார்கள். தாய் டயப்பரைப் பிரித்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். வெளிறிய வரிசையில் வந்தால் போன் செய்வாள். அறுபது நாளுக்குள் அறுவைக்கு வருவோர் தொகை உயர்ந்தது. அறுவைக்குப் பின் மூன்று மாதத்தில் காமாலை தெளிந்தவர்கள் சுமார் 35 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறினார்கள். ஜப்பானும் 2012இல் தாய்சேய் நலப் புத்தகத்தில் இந்த அட்டையைச் சேர்த்துக்கொண்டது.

வார்டுக்குள்

குழந்தைகள் ஈரல் பிரிவில் மருத்துவர் ஒருவரால் ஆகிற காரியம் குறைவு. ஈரல் நிபுணர், அறுவை நிபுணர், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் நிபுணர், பயாப்சித் துண்டைப் படிக்கத் தெரிந்த நோய்க்குறியியலாளர், மருந்தாளுநர், சிறப்புச் செவிலியர், உளவியலாளர், டயட்டீஷியன் என்று ஒரு கூட்டமே வாரம்தோறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையையும் பேசி முடிவெடுக்கும். இந்தக் கூட்டத்தில் வெளியார் கண்ணுக்குத் தெரியாத முக்கியமானவர் டயட்டீஷியன்.

ஈரல் நோயுள்ள குழந்தைக்குச் சாதாரணப் பால் போதாது. பித்தம் இல்லாமலே குடலில் ஏறக்கூடிய நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த தனிப் பால்மாவு தேவை. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களைத் தனியாக, கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த குழந்தைக்கு வயிறு நிறையக் குடிக்க இடமே இருக்காது. அப்போது மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு இரவு முழுக்கச் சொட்டுச்சொட்டாகப் பால் இறக்குவார்கள். வீட்டுக்குப் போகுமுன் தாய்க்கு இந்தக் குழாயைப் போடவும், முனை இரைப்பையில்தான் இருக்கிறதா என்று இரைப்பை நீரை எடுத்துச் சோதிக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். எடையும் ஏமாற்றும்: வயிற்றில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டும். அதனால் மேல்கையின் சுற்றளவை அளந்தே குழந்தை தேறுகிறதா என்று முடிவு செய்கிறார்கள்.

இன்னொன்று அரிப்பு. பித்தம் தேங்கும் நோய்களில் தோல் முழுக்க வரும் அரிப்பைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குழந்தை தூங்காது, காதையும் காலையும் ரத்தம் வரச் சொறியும், படுக்கை விரிப்பில் காலையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். குடும்பமே தூங்காது. அலஜீல் சிண்ட்ரோம், பிஎஃப்ஐசி என்று சுருக்கமாகச் சொல்லும் பரம்பரைப் பித்தத் தேக்க நோய் ஆகிய இரண்டிலும் இந்தத் துன்பம் உச்சம். முதல் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளைப் பல்லாண்டு கவனித்த டானியல் அலஜீல் என்பவரால். ஈரல் ஓரளவு வேலை செய்தாலும் அரிப்புக்காகவே மாற்று ஈரல் பொருத்திய குழந்தைகள் உண்டு. குடலிலிருந்து பித்த அமிலம் மறுபடி உடம்பில் ஏறுவதைத் தடுக்கும் இரண்டு மருந்துகளுக்கு 2021இல் அனுமதி கிடைத்தது: ஒடெவிக்சிபாட், மராலிக்சிபாட். பல குழந்தைகள் இவற்றால் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். விலைதான் தூக்கத்தைக் கெடுக்கும் அளவு.

கசாய் அறுவை முடிந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. குடலை நேராக ஈரலோடு தைத்திருப்பதால் கிருமி மேலேறிப் பித்தப் பாதையைத் தாக்கலாம். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் உடனே ஏற வேண்டும். இந்தத் தகவலைப் பெற்றோர் கையில் எழுதியே கொடுத்துவிடுவார்கள், எந்த ஊர் கேஷுவாலிட்டிக்குப் போனாலும் காட்டுவதற்கு. சில ஆண்டுகளில் ஈரல் இறுகி, உணவுக் குழாயின் ரத்த நாளங்கள் புடைத்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு. எண்டோஸ்கோப்பி வழியாக அவற்றை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள். இவை எல்லாவற்றையும் கடந்து, சொந்த ஈரலோடு வளர்ந்து, கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவர்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெரியவர்களாகுமுன் மாற்று ஈரல் தேவைப்படுகிறது. உலகம் முழுவதும் குழந்தைகளுக்கு ஈரல் மாற்று அறுவை செய்யப் பெரிய காரணம் இன்றும் பிலியரி அட்ரீசியாதான்.

மாற்று ஈரல்

மனிதருக்கு முதன்முதலில் ஈரல் மாற்ற முயன்றதே ஒரு குழந்தைக்குத்தான். 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் அறுவை செய்த மூன்று வயதுச் சிறுவனுக்குப் பிலியரி அட்ரீசியா. ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் மேசையிலேயே இறந்தான். நான்கு ஆண்டு கழித்து, ஈரலில் புற்றுநோய் வந்த ஒன்றரை வயதுக் குழந்தை மாற்று ஈரலோடு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தபோதுதான் இது முடியும் என்று தெரிந்தது. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்ததும், பிறகு டாக்ரோலிமஸ் வந்ததும், உடம்பு புது உறுப்பை ஒதுக்காமல் தடுக்க வழி கிடைத்தது. பிரிட்டனில் 1984இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் மாற்று ஈரல் பொருத்திய இரண்டு வயது பென் ஹார்ட்விக்கின் கதையைப் பிபிசி தொலைக்காட்சி நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டே அவன் இறந்துபோனாலும், குழந்தைகளின் உறுப்பையும் தானம் செய்யலாம் என்ற எண்ணம் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் போனது அவனால்தான்.

குழந்தை அளவில் ஈரல் கிடைப்பதுதான் பெரிய பாடு. இறந்துபோகும் குழந்தைகள், நல்லவேளை, குறைவு. பெரியவரின் ஈரலை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்தலாம் என்று பாரிஸில் காட்டினார்கள். ஒரே ஈரலை இரண்டாகப் பிரித்துப் பெரியவர் ஒருவருக்கும் குழந்தை ஒன்றுக்கும் கொடுக்கலாம் என்று 1988இல் ஹனோவரில் காட்டினார்கள். மூளைச்சாவை அப்போது சட்டம் ஏற்காத ஜப்பானிலிருந்து ஒரு தாய் தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போனாள்; 1989இல் அங்கே ரஸ்ஸல் ஸ்ட்ராங் அவளுடைய ஈரலிலேயே ஒரு பகுதியை எடுத்து மகனுக்குப் பொருத்தினார். உயிரோடிருப்பவரின் ஈரல் தானத்தில் முதல் வெற்றி அது. தாயோ தந்தையோ கொடுப்பது ஈரலின் இடது ஓரப் பகுதி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கொடுத்தவருக்கு மீதி ஈரல் சில மாதத்தில் வளர்ந்து ஈடுகட்டிவிடும். வாங்கிய குழந்தையின் ஈரல் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். உருப்பெருக்கியின் கீழ் தைக்க வேண்டும். முதல் சில நாளில் அந்த நாளம் அடைபட்டால் புதிய ஈரலே போய்விடும் என்பதால் ஐ.சி.யூ.வில் டாப்ளர் ஸ்கேன் நாள்தோறும் நடக்கும்.

கிங்ஸ் மருத்துவமனையில் இந்த வேலையில் பெயர் பெற்றவர்களில் ஒருவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த முகமது ரேலா. 1997இல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு அவர் செய்த மாற்று அறுவை கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. திடீரென்று ஈரல் செயலிழந்த குழந்தைகளுக்கு அங்கே வளர்த்தெடுத்த இன்னொரு முறை இன்னும் நுட்பமானது. குழந்தையின் சொந்த ஈரலை முழுதும் எடுக்காமல் ஒரு பகுதியை விட்டுவைத்து, பக்கத்தில் மாற்று ஈரலைத் துணைக்குப் பொருத்துவார்கள். ஓரிரு ஆண்டில் சொந்த ஈரல் மீண்டு வந்துவிட்டால், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைப் படிப்படியாக நிறுத்திவிடலாம். துணை ஈரல் தானாகச் சுருங்கிவிடும். வாழ்நாள் முழுதும் மாத்திரை என்ற தண்டனையிலிருந்து குழந்தைக்கு விடுதலை.

நல்ல மையங்களில் இன்று மாற்று ஈரல் பெறும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டுகிறார்கள். தொல்லை பிறகு வேறு வடிவில் வருகிறது. பதின்வயதில் மாத்திரையை மறக்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அதனால் நல்ல ஈரலும் கெடுகிறது. பன்னிரண்டு வயதிலிருந்தே மருத்துவர் பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் நேரடியாகப் பேசத் தொடங்குவது இதற்காகத்தான். பெரியவர்களின் ஈரல் பிரிவுக்கு மாறும் வயதுக்கென்று தனி கிளினிக்கும் உண்டு.

கத்தி வேண்டாத நோய்கள்

எல்லா அரிய ஈரல் நோயும் அறுவையில் முடிவதில்லை. சரியான பெயரைக் கண்டுபிடித்தாலே சிகிச்சை பாதி முடிந்த நோய்கள் உண்டு. காலக்டோசீமியா உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலிலுள்ள சர்க்கரையே நஞ்சு. பாலை நிறுத்தி சோயா பால்மாவு கொடுத்தால் ஈரல் சில நாளில் தெளியும். டைரோசினீமியாவில் முன்பு ஈரல் மாற்று அல்லது மரணம் என்ற நிலை. 1992இல் சுவீடனில் வெளிவந்த நிட்டிசினோன் மருந்து அதை மாற்றியது. களைக்கொல்லியாக உருவாக்கிய பொருள் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. வில்சன் நோயில் தாமிரம் ஈரலிலும் மூளையிலும் சேர்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு விளங்காத காமாலை, கையெழுத்து கெடுவது, பேச்சுக் குழறுவது, கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் என்று வரும். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய் இது. ஒரு பிள்ளைக்கு வந்தால் கூடப்பிறந்தவர்களையும் சோதித்தாக வேண்டும், நான்கில் ஒருவருக்கு வர வாய்ப்புண்டு. இப்படித் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்து சேர்வதால் வரும் நோய்கள், சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாக வருவது தமிழ்நாட்டு ஈரல் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது.

தாமிரம் என்றதும் இந்தியாவிலிருந்து மறைந்துபோன ஒரு நோயைச் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தையின் வயிறு உப்பி, ஈரல் கல்லாகி, சில மாதத்தில் உயிர்போகும் 'இந்தியக் குழந்தை ஈரல் நோய்' ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்தது. 1980களில் புனேயில் இந்திய மருத்துவர்களும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, இக்குழந்தைகளின் ஈரலில் தாமிரம் மிதமிஞ்சிச் சேர்ந்திருந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி வைத்துக் கொடுத்த வழக்கத்தோடு நோய் ஒட்டி வந்தது. எவர்சில்வர் வீட்டுக்கு வீடு வந்தது, நோய் போனது. இன்று அந்த நோயை நேரில் பார்த்த இளம் மருத்துவர்கள் அரிது.

இங்கே

இந்தியாவில் குழந்தைக்கு முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் நடந்தது. பிலியரி அட்ரீசியாவுடன் பிறந்த அந்த இருபது மாதக் குழந்தை காஞ்சிபுரத்துக்காரன். ஈரல் கொடுத்தவர் அவன் தந்தை. வளர்ந்து அவனும் மருத்துவரானான். இன்று சென்னையிலேயே உலகத் தரத்தில் குழந்தைகளுக்கு ஈரல் மாற்று நடக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஈரல் மாற்று அறுவைக்கு இடமுண்டு.

ஆனால் கசாய் அறுவைக்குக் குழந்தைகள் தாமதமாகவே வருகிறார்கள். காலை வெயில் காட்டினால் போய்விடும் என்று பாட்டி சொல்ல ஒரு மாதம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மாதம், மொத்த பிலிரூபினை மட்டும் பார்த்த ஒரு லேப் அறிக்கை. அதற்குள் மூன்று மாதம் ஓடி, ஈரல் இறுகிவிடுகிறது. சிறந்த அறுவை அரங்கமும் தேர்ந்த கையும் பக்கத்து நகரத்தில் இருந்து என்ன பயன்?

பதினான்கு நாள் கடந்தும் குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தால், டயப்பரில் மலத்தின் நிறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிறியிருந்தால் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிறாவிட்டாலும், மொத்த பிலிரூபினையும் நேரடி பிலிரூபினையும் பிரித்துப் பார்க்கும்படி கேளுங்கள். எந்த ஊர் லேபிலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சோதனை அது.